குருவைக் குளிப்பாட்டிச் சாகடித்த கதையைப் பிள்ளைக்குச் சொல்லலாமா?

கேட்டவர் தேவகோட்டைப் பக்கம் பிறந்து வெளியூரில் வேலை பார்க்கிறவர். விடுமுறைக்கு வந்த இடத்தில், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் பெட்டகத்தைக் குடையும்போது பழைய பரமார்த்த குரு கதைப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த புத்தகமாயிற்றே என்று ஏழு வயது மகளுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்தவர், கடைசிக் கதையில் வாயடைத்து நின்றுவிட்டார். மயங்கிக் கிடக்கிற குருவைச் செத்துப்போய்விட்டார் என்று சீடர்களே முடிவு கட்டி, தண்ணீரில் அமிழ்த்திக் குளிப்பாட்டி, நிஜமாகவே சாகடித்துவிடுகிறார்கள். “இதற்கா அன்றைக்கு அப்படிச் சிரித்தோம்? இது குழந்தைக் கதைதானா? மகளுக்கு முழுசாகச் சொல்லலாமா, கடைசிக் கதையை மட்டும் விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்.

சொல்லுங்கள். கடைசிக் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது. நான் காரைக்குடிக்காரன், தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியவன். பதில் நீளமாக இருந்தால் அதுதான் காரணம்.

முதலில், இது குழந்தைகளுக்காக எழுதப்பட்டதே இல்லை. எழுதிய வீரமாமுனிவர் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்த யேசு சபைப் பாதிரியார். இயற்பெயர் கொஸ்தான்சோ பெஸ்கி. 1726-ல் தேம்பாவணி, 1732-ல் சதுரகராதி என்று ஒரு ஆளுக்கு ஒரு ஆயுள் போதாத வேலைகளைச் செய்தவர். அவர் இந்த எட்டுக் கதைகளையும் எழுதி லத்தீனிலும் பெயர்த்து வைத்தது, புதிதாக வந்து இறங்கும் ஐரோப்பியப் பாதிரிமார்கள் பேச்சுத் தமிழைப் பழகிக்கொள்ள. வளர்ந்த, படித்த, கொஞ்சம் சிடுசிடுப்பான ஆண்களுக்கான மொழிப் பயிற்சிப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. 1822-ல்தான் வந்தது, அதுவும் லண்டனில். பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டார். அதற்கப்புறம் பள்ளிக்கூடம், மலிவுப் பதிப்பு, படக்கதை என்று கைமாறிக் கைமாறிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. பெரியவர்கள் புத்தகத்தைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. இப்போது நீங்கள் திரும்பப் போய்ப் படித்துத் திடுக்கிடுவதில் ஆச்சரியமே இல்லை. அது முதலிலேயே உங்கள் வயதுக்கு எழுதியதுதான்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கதைகளைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே காதால் கேட்டிருப்பார்கள். ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பார்க்கப் போய்விட, பத்திருபது பேர் படுத்துருளலாம் போன்ற வளவில், அதாவது வீட்டின் உள்கட்டில், ஆயாவும் நாலு பேரப்பிள்ளைகளும் மட்டும் இருந்த வீடுகள் எத்தனையோ. மத்தியானப் பொழுது போக வேண்டுமே. எங்கள் ஆயா பரங்கிக்காயை அரிவாள்மணையில் வைத்துப் பிளப்பதற்கு முன்னால், “உள்ளே குட்டி இருக்கா பாருடா, ஓடிரப் போகுது” என்பார்கள். குதிரை முட்டை என்று பூசணிக்காயைக் காசு கொடுத்து வாங்கி, அது கை தவறிப் புதரில் விழ, உள்ளே படுத்திருந்த முயல் துள்ளி ஓட, குட்டி போச்சே என்று சீடர்கள் துரத்திய கதை அது. அந்தக் கதையில் குரு சொல்கிற ஆறுதலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போனால் போகட்டும், பிறக்கும்போதே இந்த ஓட்டம் ஓடுகிற குதிரை வளர்ந்தால் நான் கிழவன் எப்படி ஏறுவேன் என்பார்.

ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீட்டிப் பார்ப்பது, அது ‘சுர்’ரென்று சீறியதும் விழுந்தடித்து ஓடிவருவது, அப்புறம் அதே அணைந்த கட்டையை மறுபடி கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்துச் சத்தம் வரவில்லை, தூங்கிவிட்டது என்று மெதுவாக அடியெடுத்து வைப்பது, இதெல்லாம் சும்மா சிரிப்பு. இதில் இருட்டு ஒன்றும் இல்லை. தூண்டில் போட்டுக் குதிரை பிடிக்கிற கதையும் அப்படித்தான். ஆனால் அந்தக் கதை நமக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். அய்யனார் கோயில் மண் குதிரை குளத்தில் நிழலாடுவதைப் பார்த்து, தண்ணீருக்குள் குதிரை நிற்கிறது என்று தூண்டில் போடுகிறார்கள். நமணசமுத்திரம் பக்கம் சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதையும், ஒவ்வொரு ஊரிலும் படிக்கட்டு வைத்த ஊருணியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். இத்தாலிக்காரர் ஒருவர் இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறாரே என்று எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

இருட்டு ஆரம்பிக்கிற இடம் குரு குதிரையிலிருந்து விழுகிற கதை. என் கணக்கில் எட்டில் அதுதான் உச்சம். கடைசிக் கதையைவிடப் பயங்கரமானதும் அதுதான்.

நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிழட்டுக் குதிரையில் குரு போகிறார். மரக்கிளை தட்டித் தலைப்பாகை விழுகிறது. சீடர்கள் எடுத்திருப்பார்கள் என்று வெகுதூரம் போய்விட்டுக் கேட்கிறார். நீங்கள் எடுக்கச் சொல்லவில்லையே, விழுந்த இடத்தில்தான் கிடக்கிறது என்கிறார்கள். விழுந்ததை எடுக்க வேண்டாமா மடையர்களே என்று திட்டுகிறார். ஒருவன் ஓடிப்போய் எடுத்து வருகிறான். வருகிற வழியில் குதிரை சாணி போடுகிறது. விழுந்ததை எடுக்கச் சொன்னாரே என்று அதையும் தலைப்பாகையிலேயே ஏந்திக்கொண்டு வந்து நீட்டுகிறான். குரு தலையில் அடித்துக்கொள்கிறார். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று எங்களுக்கு எப்படித் தெரியும், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அவரும் ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் குதிரை கால் இடறிக் குருவே பள்ளத்தில் தலைகுப்புற விழுகிறார். அலறுகிறார். சீடன் நிதானமாக ஓலையை எடுத்து வாசிக்கிறான். தலைப்பாகை விழுந்தால் எடுக்க வேண்டும், எடுத்தாயிற்று. மேல்துணி விழுந்தால் எடுக்க வேண்டும், எடுத்தாயிற்று. வேட்டியும் போயிற்று. குரு சேற்றில் அம்மணமாகக் கிடக்கிறார். என்னைத் தூக்குங்களடா என்கிறார். எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்கிறார்கள். கெஞ்சல், திட்டல் ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பள்ளத்தில் கிடந்தபடியே ஓலையை வாங்கி, நான் விழுந்தால் என்னையும் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு எங்களைவிட அதிகம் சிரித்தவர்கள் எங்கள் ஐயாதான். மலாயாவில் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், அடுத்தாளாக இருந்தவர்கள்; கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த கணக்குப்பிள்ளை மாதிரி. மற்றக் கதைகளுக்கெல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள், “எங்கே எழுதியிருக்கு?” என்ற இடம் வந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். மேலாள் எழுதாததைச் செய்தால் வசவு, எழுதியதை அப்படியே செய்து நஷ்டம் வந்தாலும் வசவு என்று காலம் தள்ளியவர்கள் அல்லவா. கடையில் எடுபிடி வேலை பார்க்கும் ஒரு பெட்டியடிப் பையனிடம் “கடையைப் பூட்டிட்டு வா” என்றார்களாம். அவன் உள்ளே உட்கார்ந்து ஐந்தொகைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆளையும் சேர்த்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினானாம். உள்ளே இருந்தது யார் என்று நாங்கள் கேட்போம். “நான்தான்” என்பார்கள்.

சின்ன வயதில் நாம் சிரித்தது எதற்கு? அதிகாரம் பண்ணுகிற ஒருவர் சேற்றில் வேட்டி இல்லாமல் கிடக்கிறார், அதுவும் அவர் சொன்னபடி நடந்ததனாலேயே. எந்நேரமும் ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இதைவிட இனிப்பு வேறு வேண்டுமா? போன கோடையில் எங்கள் ஊர் நூலகத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “குருதான் வாயால் ‘தூக்குங்கடா’ என்று சொல்லிவிட்டாரே, அப்புறமும் ஏன் தூக்கவில்லை?” என்று கேட்டேன். முன்வரிசைப் பொடியன் ஒருவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. “எழுதலையே சார்” என்றான். அவன் கட்சி எது என்று சந்தேகமே வேண்டாம்.

பெரியவனான பிறகு படித்தால் கண் வேறு இடத்துக்குப் போகிறது. அந்த ஓலையில் இருக்கிற ஒவ்வொரு வரியும் குரு திட்டிய ஒவ்வொரு திட்டிலிருந்து பிறந்தது. தலைப்பாகைக்கு ஒரு திட்டு, சாணிக்கு ஒரு திட்டு. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு விதி. அலுவலகத்தில் சுற்றறிக்கைகள் இப்படித்தான் பெருகுகின்றன. மடத்தில் ஒருவனும் கெட்டவன் இல்லை, ஒருவனும் சோம்பேறி இல்லை, எல்லோரும் சொன்னபடி நடக்கிறார்கள்; ஒரு மனுஷன் பள்ளத்தில் கிடக்கிறான். இது குழந்தைக்குப் பயமாக இராது. சம்பளத்துக்கு வேலை பார்த்த எவனுக்கும் வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். இந்தப் புத்தகத்தில் முட்டாள்களைப் பார்த்துச் சிரிக்கும்போது புத்திசாலிகளை யாரும் கவனிப்பதில்லை. மறுபடி படிக்கும்போது புத்திசாலிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். ஆற்றங்கரையில் ஒருத்தரைக் காணோம் என்று அழுகிறவர்களிடம் ஒருவன் வருகிறான். ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான் என்பது அவனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? மந்திரம் தெரியும் என்று சொல்லி, கையில் இருக்கிற காசையெல்லாம் வாங்கிக்கொண்டு, வரிசையில் நிறுத்தி முதுகில் ஒவ்வொரு அடியாகப் போட்டு எண்ணிக் காட்டுகிறான். பூசணிக்காய் வைத்திருந்தவனுக்கு அது பூசணிக்காய் என்று தெரியும். மாட்டை வாடகைக்கு விட்டவன், வெயிலுக்கு மாட்டின் நிழலில் ஒதுங்கியதற்குத் தனியாகக் கூலி கேட்கிறான். தோஷம் கழிக்க வந்தவன் வாயில்லாப் பிராணியான குதிரையின் காதை அறுக்க வைக்கிறான். இவர்கள் எல்லோரும் விவரமானவர்கள். இடையில் மாட்டு வழக்கைத் தீர்த்து வைக்கிற பெரியவர் போல ஒன்றிரண்டு நல்லவர்கள் வருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இலவசமாகக் குதிரை கொடுத்தவனும் உண்டு. அந்தக் குதிரை நிற்கவே யோசிக்கிற குதிரை என்பது வேறு விஷயம்.

இந்தப் பக்கம் முட்டாள்களைப் பாருங்கள். குருவுக்குக் கால் வலிக்கும், வாகனம் வேண்டும் என்று காசு சேர்க்கிறார்கள். ஆற்றில் ஒருவன் போய்விட்டான் என்று நினைத்ததும் அத்தனை பேரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். குரு மட்டும் யோக்கியமா என்றால், திட்டுவார், ஆனால் ஒருவனையும் மடத்தை விட்டுத் துரத்த மாட்டார். புத்தகம் முழுக்க ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பது இந்த ஆறு பேர்தான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், அன்பெல்லாம் முட்டாள்கள் பக்கமும் மூளையெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் பக்கமும் இருக்கிற ஊரைத்தான் முனிவர் எழுதியிருக்கிறார். கடைசிச் சாவைவிட இதுதான் எனக்குக் கசந்தது. வட்டியும் வரவுசெலவும் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

எண்ணிக்கைக் கதையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அந்தக் கதை வீரமாமுனிவரின் சொந்தச் சரக்கு இல்லை. பத்துப் பேர் ஆற்றைக் கடந்து, எண்ணிப் பார்த்து ஒன்பதுதான் வருகிறது என்று அழுத கதையைச் சங்கரர் காலந்தொட்டு வேதாந்திகள் சொல்லி வருகிறார்கள். அங்கே வழியில் வந்தவன் “பத்தாவது ஆள் நீதான்” என்கிறான். காசு கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. தன்னை மறந்தவனுக்குத் தன்னைக் காட்டுவதுதான் அந்தக் கதையின் நோக்கம். இங்கிலாந்தில் காத்தம் ஊர் முட்டாள்கள் மீன் பிடிக்கப் போய் எண்ணியதும் இதே கதைதான். முனிவர் இங்கே கேட்டு எடுத்தாரா, அங்கிருந்தே கொண்டுவந்தாரா என்று வாதாடலாம். நான் சொல்ல வந்தது வேறு. ஞானம் கொடுக்க வந்தவன் கையில் தடியும் பணப்பையும் வந்த இடத்தில்தான் இந்தக் கதை வேதாந்தத்தை விட்டுச் சந்தைக்கு வருகிறது.

சரி, கடைசிக் கதைக்கு வருவோம். சாவு திடீரென்று வந்து விழுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறாவது கதையிலேயே அது ஆரம்பித்துவிடுகிறது. உட்கார்ந்த கிளையையே வெட்டிக்கொண்டிருக்கும் சீடனிடம் ஒரு புரோகிதர் “விழுவாய்” என்கிறார், விழுகிறான். நடக்கப் போவதைச் சொல்லும் மகானென்று அவரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குரு எப்போது சாவார் என்று கேட்கிறான். தொல்லை தாங்காமல் அவர் ஏதோ சொல்லித் தப்புகிறார்: உட்காரும் இடம் குளிர்ந்தால் உயிர் போகும். அவ்வளவுதான். அடுத்த கதையில் குரு ஈரப் பள்ளத்தில் விழுகிறார். குளிர் ஏறிவிட்டதே என்ற பயத்தில்தான் படுக்கிறார். நோய் பாதி, பயம் பாதி. மயங்கிவிடுகிறார். ஜோசியம் பலித்துவிட்டது என்று சீடர்கள் அழுகிறார்கள், முறைப்படி குளிப்பாட்டுகிறார்கள், அதில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

கடைசிக் கதையை வெட்டிவிட்டால் அந்தக் கிளை வெட்டிய கதையே வீணாகிறது. வெடி திரியில் பற்ற வைத்துவிட்டு வெடிக்கும் முன் பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போவது மாதிரி. நான் பார்த்த சில சுருக்கப் பதிப்புகளில் இப்படித்தான் குரு தும்மிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், சுபம். பிள்ளைகள் அதை நம்புவதில்லை. கேட்டுவிட்டு, “அப்போ அந்தப் புரோகிதர் சொன்னது?” என்பார்கள்.

உங்களுக்கு அந்த இடத்தில் குரல் அடைத்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. வயது ஏற ஏற நாம் சாவு வீடுகளில் நின்றிருக்கிறோம். அழுகைக்கு நடுவிலேயே ஒருவர் தண்ணீர் எடுத்தாயிற்றா என்று கேட்பார், ஒருவர் மணி பார்ப்பார், ஒருவர் பந்தல்காரனுக்குப் போன் போடுவார். முறை என்று ஒன்று கிளம்பிவிட்டால் அதை நிறுத்த யாராலும் முடியாது. ‘கொஞ்சம் பொறுங்கள், மூச்சு இருக்கிறதா பாருங்கள்’ என்று சொல்லத் தோன்றாத அளவுக்கு முறையாக நடந்துகொள்கிறவர்கள்தான் அந்த ஐந்து பேரும். உங்களுக்கு அது தெரிந்த வீடாகத் தெரிகிறது. ஏழு வயதுக்கு அது இன்னும் ஒரு கோமாளிக் குளியல்தான். அவளுக்காகப் பயப்பட வேண்டாம்.

இருட்டுச் சிரிப்பில் எது பிள்ளைக்கு ஆகாது என்று கேட்டால், சாவு இல்லை என்பேன். நம் வீடுகளில் சொல்கிற கொழுக்கட்டைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயரை மறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வருகிறவன், வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று தாண்டிவிட்டு அதையே பெயராக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பெண்டாட்டிக்கு அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று அடிக்கிறான். நெற்றி புடைத்ததைப் பார்த்து யாரோ “கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே” என்றதும், “அதேதான், அதைத்தான் செய்யச் சொன்னேன்” என்கிறான். நாங்கள் எல்லோரும் இதற்குச் சிரித்தவர்கள்தான். இப்போது என் பேத்திக்கு இதை அப்படியே சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அடி விழுகிற இடத்தில் அவனே நிலைப்படியில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்குவதாக மாற்றிவிட்டேன். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. பரமார்த்த குருவில் இப்படி மாற்றத் தேவையில்லை. அங்கே விழுகிற அடி எல்லாம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேலே இருப்பவர் தலையில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது இந்து மடங்களைக் கிண்டல் பண்ணப் பாதிரியார் எழுதியது, இதைப் போய்ப் பிள்ளைக்குச் சொல்வதா என்று கேட்பவர்கள் உண்டு. குன்றக்குடி மடத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் என்ற முறையில் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். கிண்டல் இருக்கிறது, இல்லையென்று மழுப்ப மாட்டேன். ஆனால் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், சமயம் பற்றி அந்தக் குரு ஒரு வார்த்தை போதிக்க மாட்டார். பட்டம் இருக்கிறது, சீடர்கள் இருக்கிறார்கள், வாகனத்துக்கு அலைச்சல் இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய குருத்தன்மை. எழுதியவரும் இங்கத்துத் துறவி போல உடுத்திக்கொண்டு, கூட ஆட்களோடு ஊர் ஊராகப் போனவர்தான். தன் கூட்டத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் எழுதியிருப்பார் என்பது என் ஊகம். மூலத்தைப் படித்தால் சாதிப் பெயர்கள் அந்தக் காலத்து வழக்கப்படி சர்வ சாதாரணமாக வரும். அவற்றை வாய்விட்டுப் படிக்கும்போது நான் ‘ஒரு ஆள்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவேன். கதை நிற்காது.

இந்தப் பக்கம் பிள்ளைகள் இலக்கியத்துக்கு வேறொரு முகமும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ராயவரத்தில் 1922-ல் பிறந்த அழ. வள்ளியப்பா பிள்ளைகளுக்குப் பாடியதெல்லாம் வெளிச்சம். கடுஞ்சொல் தேடினாலும் கிடைக்காது. எங்களுக்குக் காலையில் அவர் பாட்டும் மத்தியானம் பரமார்த்த குருவும் கிடைத்தன. ஒன்று இருந்ததனால்தான் மற்றது சரியாக இறங்கியது என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்கு இரண்டும் கொடுங்கள்.

சொல்கிற முறைக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள். எட்டையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். தொடர்ந்து படித்தால் பெரியவர்களுக்கே அலுத்துவிடும், மாட்டுக் கதை கொஞ்சம் வழவழ. ஆற்றுக் கதையைச் சொல்லும்போது வீட்டில் இருப்பவர்களை வரிசையாக உட்கார வைத்து மகளையே எண்ணச் சொல்லுங்கள். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிற வேடிக்கையை அவள் செய்து பார்த்தால்தான் தெரியும். ஓலைக் கதைக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, அப்பாவுக்கு எதையெல்லாம் செய்யலாம் என்று அவளையே எழுதச் சொல்லிப் பாருங்கள். அன்று முழுக்க நீங்கள் அதன்படி நடக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருந்தால் மட்டும். கிளை வெட்டிய கதைக்கும் கடைசிக் கதைக்கும் நடுவில் ரொம்ப நாள் விட்டுவிடாதீர்கள், ஜோசியம் மறந்துபோகும்.

பெட்டகத்தில் கிடைத்த புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட வேண்டாம். நம் கோட்டையூரிலிருந்த ரோஜா முத்தையா செட்டியார் இப்படி ஒவ்வொரு வீட்டுப் பழைய தாள்களையும் தேடித் தேடிச் சேர்த்துத்தான் அவ்வளவு பெரிய சேகரத்தை உண்டாக்கினார். 1992-ல் அவர் காலமான பிறகு அது சென்னைக்குப் போய், 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது பழைய பதிப்பாக இருந்தால் முகப்புத் தாளைக் கிழியாமல் படம் எடுத்து அங்கே விசாரிக்கலாம். மகளுக்குப் படிக்கப் புதிதாக வாங்குவதென்றால் கடையில் நின்றபடியே கடைசிக் கதையைப் புரட்டிப் பாருங்கள். குரு எழுந்து உட்கார்ந்திருந்தால் திருப்பி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கடைசிக் கதையை மட்டும் ராத்திரியில் சொல்லாதீர்கள். பயந்துவிடுவாள் என்பதற்காக இல்லை, கேள்வி கேட்டே தூங்க மாட்டாள். எங்கள் நூலகத்தில் குரு செத்ததும் ஒரு பிள்ளைகூட அழவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “அந்தக் காது அறுந்த குதிரைக்கு இனிமே யாரு சார் புல்லு போடுவா?” அதற்குப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.